மூடாத ஒரு சாண்

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் அங்கே ஓர் ஈ கூட இடம் மாறி உட்கார முடியாது. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு ஆய்வாளர் வேலை. தீப்பிடித்துவிட்டது, திருடு போய்விட்டது, தண்ணீர் புகுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களில் யார் நிஜமாக அழுகிறார், யார் என் காதில் பூ சுற்றுகிறார் என்று பார்த்துச் சொல்வதற்காக இருபத்திரண்டு வருஷமாக என்னை வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதிதான். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்கவே கூடாது. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார். வாயை மூடிக்கொண்டு ஆதாரத்தைச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும்.

அந்த விதியை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன வருஷம் என் தங்கை கணவனை விட்டுவிட்டு, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஆள் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய், ஏன் பத்து நிமிஷம் தாமதம் என்று கேட்டுக் கேட்டே ஆறு வருஷம் அவளைத் தின்றுவிட்டான். அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ‘மனுஷனா அவன்!’ என்று நானே நூறு தடவை கத்தியிருக்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தங்கை மகளை நாங்கள் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். வந்த மூன்றாம் நாளே என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி நாய்ப் பொம்மைக்கு மாட்டிவிட்டு, “மாமா, இப்ப இதுதான் ஆபீஸ் போகும், நீ வீட்ல இரு” என்றது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவர்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆனால் தங்கை இரண்டு வாரமாகப் பெட்டியைப் பிரிக்கவில்லை. பின்பக்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. வீட்டை வாங்கும்போதே கூட வந்தது.

“குளம் தொறந்து கெடக்குற வீட்டுல இத வெச்சுக்கிட்டு நான் எப்படிண்ணா தூங்குவேன்? நாளைக்கு வேலைக்குப் போனாலும் எனக்கு இங்கயேதான் நெனப்பு இருக்கும்” என்றாள்.

“மண்ணு போட்டு மூடிடலாமா?” என்று நான் மனைவியைக் கேட்டேன்.

“என் முதுக நீங்க தாங்கிக்கிறதா இருந்தா மூடுங்க” என்றாள் மனைவி. அவளுக்கு முதுகுத் தண்டில் பிரச்சினை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நீந்தினால்தான் அன்றைய நாள் நிமிர்ந்து நிற்க முடியும்.

அப்படித்தான் தானாக மூடிக்கொள்ளும் மூடி தேட ஆரம்பித்தேன். ஏழு கடை. ஒருவர் வலை போதும் என்றார். வலைக்குள் குழந்தையின் கால் போகுமா என்று கேட்டேன், மழுப்பினார். இன்னொருவர் தண்ணீரில் மிதக்கும் குமிழித் தாளைக் காட்டினார். அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன், செங்கல் தாளையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் ட்ராக்கில், அதாவது நீளமான உலோகப் பள்ளத்தில், ஓடுகிற கெட்டித் துணி மூடிதான் சரி என்று பட்டது. ஒரு முனையில் பெரிய உருளையில் துணி சுற்றியிருக்கும். முன்பக்கம் ஓர் அலுமினியச் சட்டம். இரண்டு பக்கக் கயிறும் அந்தச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போய் மறு முனையில் சேர்க்கும். ‘யானையே நடக்கலாம் சார்’ என்றார் விற்பனையாளர். யானைக்கு எங்கே போவது? செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். மனைவி கடைக்கு வெளியே போய், யாரோ வேற்றாளைப் போல நின்றுகொண்டாள். துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து குளத்து மருந்து கலந்த வாளியில் மூன்று வாரம் ஊறப்போட்டேன். நிறம்கூட மாறவில்லை. அதற்கு அப்புறம்தான் சரி என்றேன்.

பொருத்த வந்த மெக்கானிக் என் வயதுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி, தோள் கொஞ்சம் கூன். மனைவி அவருக்கு அன்றே ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துவிட்டாள். வேலை முடிந்ததும் எங்கள் எல்லோரையும் குளத்தடியில் நிற்க வைத்துச் சொன்னார்.

“சார், சாவியத் திருப்பிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். கைய எடுத்தா மூடி அங்கயே நின்னுடும். அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. மூடி ஓடுறப்ப ஒரு ஆள் கண்ணு தண்ணி மேலயே இருக்கணும்கறதுக்காக. மழ பேஞ்சு மேல தண்ணி நின்னா பம்பு போட்டு எறக்கிடுங்க. அப்புறம் முக்கியமா, வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு பக்க ட்ராக்கையும் ஹோஸ் வெச்சுத் தண்ணி பீச்சிக் கழுவணும். மண்ணு சேந்தா ஒரு பக்கம் இழுக்கும், இன்னொரு பக்கம் இழுக்காது. கோணிக்கும்.”

சாவி இரண்டு. ஒன்று என் சாவிக்கொத்தில், ஒன்று என் அலுவலக மேஜை டிராயரில். வேறு யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். காலை ஆறு மணிக்கு நான் திறப்பேன், மனைவி நீந்துவாள். ஏழு மணிக்கு முன்னால் நானே மூடுவேன். முதல் நாள் மூடி நகர்ந்து போய்த் தண்ணீரை முழுசாக மறைத்ததும் வாண்டு கையாட்டி, “தண்ணி தூங்கப் போயிடுச்சு” என்றது. அன்று மாலை தங்கை பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். நான் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

நாலு மாசம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாசம் ஒரு நாள் காலை மூடி கோணிக்கொண்டு நின்றது. ஒட்டடைக்குச்சி வந்து ட்ராக்கில் விரலை விட்டு ஒரு பிடி மண்ணும் சருகும் எடுத்துக் காட்டினார்.

“ட்ராக்கக் கழுவுறீங்களா சார்?”

“கழுவாம? வாரா வாரம் கழுவுறோம்” என்றேன்.

ஒரு தடவை கூடக் கழுவியதில்லை. அடுத்தவர் பொய்யைப் பிடித்தே சோறு தின்கிற நான், கண்ணிமைக்காமல் சொன்னேன். அவர் என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, “இன்னும் நல்லா அழுத்தமாக் கழுவணும் சார்” என்றார். தங்கை பக்கத்தில்தான் நின்றாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் பின்பக்கம் போனேன். மூடி மூடித்தான் இருந்தது. ஆனால் குளத்தைச் சுற்றியிருந்த கல் ஈரம். மழை இல்லை. மனைவி நீந்தி முடித்துப் பத்து மணி நேரம் ஆகிவிட்டது. காலை ஈரம் எந்த வெயிலில் சாயங்காலம் வரைக்கும் நிற்கும்? எனக்கு மூக்கு வியர்த்தது.

வீட்டில் அன்று இருந்தது யார் என்று பார்த்தேன். மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள், ஐந்து மணிக்குத்தான் வருவாள். தங்கை கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு, அதுவும் மாறி மாறி வரும். வேலை நாட்களில் வாண்டு காப்பகத்தில் இருக்கும். அன்று தங்கைக்கு விடுப்பு. அவளும் குழந்தையும் மட்டும் வீட்டில்.

அப்படியென்றால் யாரோ குளத்தைத் திறந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? குழந்தைக்கு ஆபத்து என்று மூடி போடச் சொன்னவளே, யாரும் இல்லாத நேரத்தில் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்கிறாளா? சாவி எப்படிக் கிடைத்தது?

அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா, கல்லு ஏன் ஈரமா இருக்கு?” என்று கேட்டிருக்கலாம். அவள் சொல்லும் ஒரே பதிலில் எல்லாம் முடிந்திருக்கும். நான்தான் விதிப்படி நடக்கிறவன் ஆயிற்றே!

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு டேப் சுருள் எடுத்து வந்தேன். சான்றுப் பொருள் வைத்த பைகளை நாங்கள் ஒட்டுகிற டேப். அதற்கப்புறம் தினமும் மூடியை மூடியதும், மனைவி தலை துவட்ட உள்ளே போகிற நேரம் பார்த்து, வலது கோடியில் சட்டத்தின் முனையையும் பக்கத்துக் கல்லையும் துண்டால் துடைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு விரல் நீள டேப்பை ஒட்டுவேன். அதன்மேல் அழியாத மையில் என் கையெழுத்து, தேதி. மூடி அசைந்தால் டேப் கிழியும். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் போய்ப் பார்ப்பேன். மறுநாள் காலை திறக்கும் முன் நானே உரித்து எடுத்துவிடுவேன்.

“என்னங்க, தினம் அங்க போய்க் குனிஞ்சு என்ன தேடுறீங்க?” என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

“தண்ணி மட்டம் பாக்குறேன்.”

“மூடிக்கு மேலயா?”

சட்டை மாற்ற உள்ளே போய்விட்டேன்.

ஆறு வாரம் குறித்து வைத்தேன். ஒன்பது நாள் டேப் இல்லை. கிழிந்து பாதி இங்கே பாதி அங்கே என்று கிடந்திருந்தாலாவது மூடி தற்செயலாக நகர்ந்திருக்கும் என்று விட்டிருப்பேன். அடையாளமே இல்லாமல் முழுசாகப் போயிருந்தது. பிசின் தடம்கூட இல்லை. கவனமாக உரித்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். விவரமான ஆள். அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் தங்கை ஒட்டியிருந்த விடுப்பு அட்டவணையோடு ஒப்பிட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது! எல்லாமே அவளுடைய விடுப்பு நாள். நீதிமன்றத்தில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் ஆட்களை நான் மடக்கியிருக்கிறேன்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. தலைவலி என்று ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒட்டடைக்குச்சியின் வண்டி. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அவரும் தங்கையும் ட்ராக் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர் ஏதோ சொல்கிறார், இவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக் கணக்காகிறது. அவர் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அவள் கையை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் அவர், “பக்கத்துத் தெருவுக்கு வந்தேன் சார், அப்படியே ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு” என்றார்.

எந்த மெக்கானிக் கூப்பிடாமல் வருவான்? எல்லா வீட்டு மூடியையும் திறக்கிற பொதுச் சாவி ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, முடிவே கட்டிவிட்டேன். அந்தச் சின்னப் பொருள் என்ன என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மனைவி நீந்தி முடித்து உள்ளே போனாள். நான் சாவியைத் திருப்பிப் பிடித்தேன். மூடி வந்தது, வந்தது, இடது பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வலது பக்கம் ஒரு சாண் பாக்கி. மோட்டார் முனகியது. திரும்பத் திறந்து மூடினேன். அதே இடம், அதே ஒரு சாண். தொலைபேசியை எடுக்க உள்ளே ஓடினேன். ஒட்டடைக்குச்சி உடனே வருவதாகச் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தால் வாண்டு குளத்தின் விளிம்பில் குந்தியிருக்கிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அந்த ஒரு சாண் இடுக்கு வழியாகத் தண்ணீரை மொள்ளக் குனிகிறது. ஒரு கை முழுக்க உள்ளே. ஒரு காலை மூடிமேல் வைத்திருக்கிறது.

நான் எப்படி அங்கே போனேன் என்று எனக்கு நினைவில்லை. குழந்தையை அள்ளித் தூக்கினேன். கோப்பை தண்ணீருக்குள் விழுந்தது. நான் பிடித்த பிடியில் வாண்டு பயந்து வீறிட்டது. சத்தம் கேட்டுத் தங்கையும் மனைவியும் ஓடி வந்தார்கள்.

பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது நான்தான். இப்போது சொல்கிறேன். அப்போது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

“இப்ப சந்தோஷமா?” என்று தங்கையைப் பார்த்துக் கத்தினேன். “யாரும் இல்லாதப்ப தொறந்து தொறந்து மூடி, இத இந்த நெலமைக்குக் கொண்டாந்தது யாரு?”

அவள் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “என்னண்ணா சொல்றே? யாரு தொறந்தா?”

“நீதான். வேற யாரு?”

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். டேப் ஒட்டியது, காணாமல் போனது, கல் ஈரம், அவளுடைய விடுப்பு. படிக்கப் படிக்க மனைவியின் முகம் மாறியது. “ஐயோ, என்னங்க இது?” என்று முனகினாள்.

தங்கை கடைசித் தேதி வரை கேட்டாள். “நான் தொறக்கலண்ணா. ட்ராக்கக் கழுவினேன். நீ மெக்கானிக்கிட்ட வாரா வாரம் கழுவுறோம்னு சொன்னே. யாராவது கழுவணுமே. அதான் லீவு அன்னிக்கு ஹோஸ் எடுத்துக் கழுவினேன். ஈரம் அதுதான்.”

தயாராக வைத்திருக்கிற இந்த மாதிரிப் பதில்களை நான் ஆயிரம் கேட்டிருக்கிறேன். “கழுவினியா? கழுவினா டேப்பு எங்க போச்சு? கிழிஞ்சாவது கெடக்கணுமே? காத்துல கரைஞ்சிடுச்சா?”

“எனக்கு எப்படிண்ணா தெரியும்? டேப்பு ஒட்டினதே எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“சரி. அந்த மெக்கானிக் அன்னிக்கு ஒன் கையில என்ன குடுத்தான்?”

“என்ன?”

“சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னீங்களே, அன்னிக்கு. சாவிதானே? என்ன சாவி? எதுக்கு ஒனக்கு அவன் சாவி குடுக்கணும்?”

“போதும் நிறுத்துங்க!” என்று மனைவி கத்தினாள்.

தங்கை நிறுத்தச் சொல்லவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாகத்தான் பேசினாள். “ஹோஸ் முனையில மாட்டுற மூக்குண்ணா. தண்ணி வேகமா பீச்சும்னு குடுத்தாரு.”

“காட்டு.”

“காட்ட மாட்டேன்.”

“இருந்தா காட்ட வேண்டியதுதானே?”

“இருக்கு. காட்ட மாட்டேன். ஆறு வருஷம் பைய காட்டி, போனக் காட்டி, பில்லக் காட்டி எனக்கு அலுத்துப் போச்சு. இனிமே எவனுக்கும் எதையும் காட்டுறதா இல்ல.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மனைவி என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ஆதாரம் இருக்கிறது என்றேன். “ஒங்க ஆதாரத்தக் கொண்டுபோய்க் கொளத்துல போடுங்க” என்றுவிட்டு அவளும் உள்ளே போனாள். நான் அந்த ஒரு சாண் இடுக்குக்குப் பக்கத்தில், குளத்தடியில் உட்கார்ந்திருந்தேன். என் கணக்கு சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஒட்டடைக்குச்சி அரை மணி நேரத்தில் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நேரே வலது கோடிக்குப் போய்க் குந்தி, ட்ராக்கின் முனையிலிருந்த மூடுதகட்டைக் கழற்றினார். அதற்குள்தான் கயிறு சுற்றித் திரும்புகிற சின்னச் சக்கரம் இருக்கிறது. கொக்கியை விட்டுத் துழாவினார்.

“மண்ணு ஒரு துளி இல்ல சார். கண்ணாடி மாதிரி வெச்சிருக்காங்க தங்கச்சி. ஆனா என்னவோ திரண்டு கெடக்கு.”

இழுத்தார். பழுப்பாக, உருண்டையாக, பிசுபிசுவென்று எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று வந்தது. கல்லில் வைத்துக் கொக்கியால் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரு விரல் நீளம். ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“டேப்பு சார். மேல தேதி எழுதியிருக்கு. கையெழுத்துகூட இருக்கு. யாரோடது இது?”

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“ஈரக் கல்லுல ஒட்டினா நிக்காது சார். ஹோஸ்ல பீச்சுன வேகத்துக்கு அப்படியே முழுசா உரிஞ்சு ட்ராக்குக்குள்ள போயிருக்கு. ட்ராக்கு இந்தப் பக்கம்தான் சரிவு, தண்ணி எல்லாத்தையும் இங்க கொண்டாந்து சேத்திருக்கு. அதான் சக்கரம் இறுகிப் போச்சு. ஒரு ஒட்டுப்பொருளும் ட்ராக் கிட்ட வரக் கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்கே!”

ஒன்பது துண்டு. நானே எண்ணினேன். ஒன்பது தேதியும் நோட்டில் இருந்த ஒன்பது தேதிதான்.

அப்போதும் என் புத்தி விட்டதா? “ஒங்ககிட்ட எல்லா மூடிக்கும் பொதுவா ஒரு சாவி இருக்குமே?” என்று கேட்டேன்.

அவர் கொக்கியைக் கீழே வைத்தார். “சாவியா? அப்படி ஒண்ணு இருந்தா ஒவ்வொரு தடவையும் சாவியத் திருப்ப ஒங்களயே கூப்பிடுவேனா சார்?” என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏன் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரத்தைத் துடைத்தார், கயிற்றைச் சரி செய்தார், தகட்டை மாட்டினார். சாவியைத் திருப்பச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். மூடி நேராகப் போய் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சேர்ந்தது. இம்மி இடைவெளி இல்லை. கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த ஒன்பது துண்டையும் எடுத்துக்கொண்டு தங்கையின் அறைக்குப் போனேன். கட்டில்மேல் பெட்டி மூடித் தயாராக இருந்தது. மனைவி மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வாண்டுவுக்குத் தங்கை காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்மேலதாம்மா” என்றேன். கையை நீட்டினேன். “இதோ பாரு. ட்ராக்குக்குள்ள இருந்துச்சு. ஒன்பதும் இருக்கு. நீ கழுவினப்ப உரிஞ்சு உள்ள போயிருக்கு. நீ சொன்னது அத்தனையும் நெசம். நான் ஒரு மடையன். எங்கயும் போகாதே. ஒன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

நிஜமாகவே குனிந்தேன். அவள் சட்டென்று என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ மடையன் இல்லண்ணா. எனக்கு ஒன்மேல கோவம்கூட இல்ல.” அவள் அந்த டேப் துண்டுகளைப் பார்த்தாள், தொடவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. இது கெடச்சதால இப்ப என்ன நம்புறே. இது கெடைக்காமப் போயிருந்தா?”

“அதான் கெடச்சிடுச்சே” என்றேன்.

“கெடைக்கலன்னு வெச்சுக்கோ. தண்ணியோட தண்ணியா எங்கயோ போயிருக்கு. என் வாய் வார்த்த மட்டும்தான் இருக்கு. அப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கிடம் சொன்ன மாதிரி, கண்ணிமைக்காமல். ‘சத்தியமா நம்பியிருப்பேம்மா’ என்று ஒரு வார்த்தை. அவள் இருந்திருப்பாளோ என்னவோ. மனைவி நாற்காலியிலிருந்து என்னையே பார்த்தாள், சொல்லுங்களேன் என்கிற மாதிரி. ஆனால் இவளிடம் எனக்கு அது வரவில்லை.

“நம்பியிருக்க மாட்டேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

“தெரியும்ணா. எனக்கு ஒனக்கு முன்னாடியே தெரியும். அதான் போறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்குன்னு கூட வேல செய்யுற பொண்ணு இப்பத்தான் போன்ல சொன்னா. சின்னதுதான். ஆனா அங்க நான் எதுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.” வாண்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அண்ணி, நீங்க அழாதீங்க. ஞாயித்துக்கிழம வாங்க.”

மனைவியை மட்டும்தான் கூப்பிட்டாள்.

வாண்டு என் பக்கம் கையை நீட்டியது. நான் வாங்கப் போனேன். தங்கை ஒரு அடி நகர்ந்துகொண்டாள். வேண்டுமென்று செய்த மாதிரி இல்லை, அவள் கால் தானாக நகர்ந்தது.

“பொட்டி கனமா இருக்குண்ணா” என்றாள். “கொஞ்சம் வாசல் வரைக்கும் தூக்கிக் குடு.”

தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.